பதினொரு கிலோமீற்றருக்கு ஒரு டீசல்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதை முதலே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதை வாசிக்கிறவர்கள் என்னைப் பெரிய பொறுமைசாலி என்று நினைத்து ஏமாந்துவிடுவார்கள். ஆனால் வரவேண்டிய இடத்தில் அது வரவில்லை. வாகனம் விற்கும் ஒரு முற்றத்தில், என் கணவருக்கும் அண்ணனுக்கும் நடுவில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்தப் பத்து நிமிடத்துக்கு நான் கொடுத்த விலை எனக்குத்தான் தெரியும்.

ஊரை விட்டு வந்து குடியேறிய இந்தத் தீவு நாட்டில், நாங்கள் பாபகூரா என்கிற புறநகரில் இருக்கிறோம். கணவர் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு பண்டகசாலையில் வேலை. ரயிலில் போய் ரயிலில் வருவார். நான் பதினாறு வருசமாக முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்தேன். ஒரே மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், நகர மையத்தில் வேறு நாலு பிள்ளைகளோடு சேர்ந்து வாடகைக்கு இருக்கிறாள். நாங்கள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். இங்கே மாதா கோயிலில் எந்தக் கொண்டாட்டம் என்றாலும், இறைச்சிக் கறி வைத்துச் சுற்றிப் பொரிக்கிற ரோல்ஸ் என்னுடைய பொறுப்பு. "அக்கா, இதை நீங்கள் வித்தால் என்ன?" என்று ஆட்கள் கேட்டுக் கேட்டு, ஐம்பத்து நாலாவது வயதில் நானும் அதை நம்பத் தொடங்கிவிட்டேன்.

ஒரு கோப்பிக் கடைக்காரர் விற்ற டிரெயிலர் ஒன்றை வாங்கினேன். பக்கவாட்டில் திறக்கிற யன்னல், உள்ளே கை கழுவத் தொட்டி, எரிவாயு அடுப்பு. கொத்துரொட்டிக்கென்று ஒரு தட்டையான இரும்புக் கல்லும் போட்டுக்கொண்டேன். ஊரில் உழவு மெசினுக்கு, அதாவது டிராக்டருக்குப் பின்னால் பூட்டுகிறதைப் பெட்டி என்போம். எங்கள் வீட்டில் இதற்கும் அதே பெயர்தான். மாநகரசபையில் இருந்து வந்து பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுத்தார்கள். சனிக்கிழமைச் சந்தை ஒன்றில் இடமும் கிடைத்தது.

அந்த இடத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். காலை ஆறரைக்கு வாகனங்கள் வருகிற கதவைப் பூட்டிவிடுவார்கள், அதன் பிறகு சனம் நடக்கத் தொடங்கிவிடும், ஒரு வண்டியும் உள்ளே போக முடியாது. சோதனைக் காலத்தில் ஒரு சனிக்கிழமை தவறினாலும் இடம் பட்டியலில் காத்திருக்கிற அடுத்த ஆளுக்குப் போய்விடும். நான் முதியோர் இல்லத்தில் என் சனிக்கிழமை வேலையை இன்னொரு பெண்ணுக்கு விட்டுக்கொடுத்தேன். பிள்ளைக்கென்று, வீட்டுக்கென்று, ஊரில் இருக்கிறவர்களுக்கென்று எவ்வளவோ கேட்டிருக்கிறேன். எனக்கென்று நான் கேட்ட முதல் விசயம் அந்தச் சந்தையில் மூன்றரை மீற்றர் நிலம்.

பெட்டியை இழுக்க வாகனம் வேண்டும். எங்களிடம் இருந்த சின்னக் கார் தன்னையே இழுத்துக்கொண்டு போவது பெரிய காரியம். இங்கே யூட் என்று சொல்லுகிற பிக்கப் ஒன்று வாங்குவது என்று முடிவானது. டீசலா, பெற்றோலா என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு மாதம் பாராளுமன்றம் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணன் வந்துவிடுவார். அவர் ஊரில் பஸ் டிப்போவில் பொறுப்பாக இருந்தவர். ஒரு வாகனம் தெருவில் போகிற சத்தத்தை வைத்தே அதற்கு என்ன வருத்தம் என்று சொல்லக்கூடியவர் என்று அவருக்கு ஒரு நினைப்பு. முதலில் அவர் பெற்றோல் பக்கம் நின்றார்.

"மச்சான், டீசலுக்கு இந்த நாட்டிலை தெருவிலை ஓடுற ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் முன்கூட்டியே வரி கட்டி, கண்ணாடியிலை சீட்டு ஒட்ட வேணும். பெற்றோலுக்கு அந்தத் தலையிடி இல்லை. அடிக்கேக்கையே வரியும் சேர்ந்து போயிடும்."

"அது கணக்கு," என்பார் என் கணவர். "நான் கதைக்கிறது பாரம். பாரம் இழுக்கிறதுக்கெண்டு கடவுள் படைச்சது டீசல். நாங்கள் சண்டையிலை இடம்பெயரேக்கை பதினெட்டுப் பேரையும் நெல்லு மூட்டையையும் இழுத்துக்கொண்டு போனது என்ன? டீசல் உழவு மெசின். பெற்றோலிலை ஓடினது முழுக்கத் தெருக்கரையிலை நிண்டது."

இடம்பெயர்ந்த கதையை எடுத்துவிட்டால் எங்கள் ஆட்கள் யாரும் அதோடு வாதத்தை விட்டுவிடுவார்கள். அண்ணன் தலையைச் சொறிந்துவிட்டு இன்னொரு ரோல்ஸை எடுத்துக் கடிப்பார். அடுத்த ஞாயிறு புதிதாக ஒன்றைப் படித்துக்கொண்டு வருவார். டீசல் குறைந்த சுற்றிலேயே கூடுதலாக இழுக்கும், ஆனால் பழுதானால் திருத்தக் கூடப் போகும். பெற்றோல் சத்தம் குறைவு, ஆனால் பாரம் பூட்டினால் தண்ணீர் மாதிரிக் குடிக்கும். இப்படியே ஒரு வாரம் இது, மறு வாரம் அது.

அவரைக் கடைசியில் கவிழ்த்தது ஒரு விளம்பரத் தாள். அதில் டீசல் வண்டி மூன்றரைத் தொன் இழுக்கும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் அண்ணனின் முகம் மாறிவிட்டது. மூன்றரைத் தொன்! என் பெட்டி, அடுப்பு, எரிவாயு, இறைச்சி, மா, வெங்காயம் எல்லாம் சேர்ந்து ஒன்றரைத் தொன். மிச்ச இரண்டு தொன்னுக்கு இவர்கள் எதை இழுக்கப் போகிறார்கள் என்று நான் குசினிக்குள் நின்று யோசித்தேன். சத்தமாகக் கேட்கவில்லை.

இன்னொன்றையும் அவர்கள் இரண்டு பேரும் மறந்தே போனார்கள். சனிக்கிழமை என் கணவருக்குப் பின்னேரம் வரைக்கும் வேலை. அண்ணனுக்கு முழங்கால் சரியில்லை. அந்த வண்டியை ஓட்டப்போகிறது நான். இரண்டு மாதத்தில் ஒருத்தரும் என்னிடம், உனக்கு எது சுகம் என்று கேட்கவில்லை.

வாகன முற்றத்துக்கு மூன்று பேரும் போனோம். விற்பனைக்காரர் பிஜியில் இருந்து வந்த மனிதர், மரியாதையானவர். வண்டிக் கதவைத் திறந்து காட்டுவதற்கு முன்னால் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. வழக்கமாக எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள், சின்னச் சின்ன ஓட்டமா, நீண்ட ஓட்டமா?

எங்கள் வீட்டில் இருந்து சந்தைக்குப் பதினொரு கிலோமீற்றர். வாரத்தில் ஒரு நாள். அதுதான் உண்மையான பதில், அதைச் சொல்ல ஐந்து விநாடி போதும்.

அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "நீண்ட தூரம். வட தீவு முழுக்க."

என் கணவர் தலையாட்டினார். "பாரத்தோடு," என்று சேர்த்துக்கொண்டார்.

பாதி நாட்டையே ஓடுவதாக யாருக்கு எடுப்புக் காட்டினார்கள் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அந்த மனிதருக்கு எங்களைத் தெரியாது, இனிமேல் காணப்போவதும் இல்லை. ஆனாலும் பெரிய வண்டி வாங்க வந்துவிட்டுப் பதினொரு கிலோமீற்றர் என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. நான் சொல்லியிருக்கலாம். என் ஆங்கிலத்துக்கு ஒரு குறையும் இல்லை. பிற ஆட்களுக்கு முன்னால் புருசனையும் அண்ணனையும் திருத்தக்கூடாது என்று எனக்குள்ளேயும் ஒருத்தி இருக்கிறாள், அவள் என் வாயைப் பொத்தினாள். விற்பனைக்காரர் சிரித்தார். அப்படியென்றால் டீசல்தான் என்று நேரே கொண்டுபோய் வெள்ளி நிறத்தில் ஒன்றைக் காட்டினார்.

வண்டி வந்த ஞாயிறு பாதர் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். பக்கத்துத் தெருவில் இருக்கிற சைவக்கார அக்கா, சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து ஏற்றினால் நல்லது என்றார். அதெல்லாம் எங்களுக்கு இல்லை என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள், எதற்கும் இருக்கட்டும் என்று கணவர் நாலு தேசிக்காயை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவிடவில்லை. விளக்கப் புத்தகம் தன் உறைக்குள்ளேயே இருந்தது. வேலைக்கு அதில் போங்கோ என்றேன், மவுண்ட் வெல்லிங்டன் வரைக்கும் போய்வந்தால் அதுவும் ஒரு ஓட்டம்தானே. அவர் கேட்கவில்லை.

"வண்டி தேயும். அது சனிக்கிழமைக்கு. உம்மடை பெட்டிக்கு."

இப்படி அந்த வண்டி வெள்ளிக்கிழமை வரைக்கும் கராச்சில் கட்டிலில் கிடக்கிற நோயாளி மாதிரிக் கிடந்தது. ஆனால் கவனிப்புக்குக் குறைவில்லை. ஒவ்வொரு நாளும் விடிய, ரயிலுக்குப் போவதற்கு முன்னால், அவர் போய் அதை ஸ்டார்ட் பண்ணுவார். குளிருக்குத் தொப்பியைக் காதுவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே ஏறி உட்கார்ந்து ஐந்து நிமிடம் அதன் சத்தத்தைக் கேட்பார். பிறகு நிற்பாட்டி, கதவைத் தள்ளிப் பார்த்து, ஸ்டேசனுக்கு நடப்பார். ஒரு நாள் தவறியது இல்லை. இந்த மனிதர் என்னைக் காலையில் எழுப்பி ஒரு தேத்தண்ணி தந்தாரா என்று நான் மகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

நான் என் பங்குக்குப் பெட்டியைப் பின்னுக்கு எடுக்கப் பழகினேன். முதல் நாள் கோயில் வாகனத் தரிப்பிடத்தில் பழகப்போய், அண்ணன், கணவர், கோயில் ஆட்கள் என்று ஆறு ஆண்கள் சுற்றி நின்று "ஒடி, ஒடி! இல்லை, மற்றப் பக்கம் ஒடி! நில்! ஏன் நிண்டனீ?" என்று கத்தியதில் வேலிக் கம்பி ஒன்று சாய்ந்தது. அன்றோடு அவர்களோடு பழகுவதை விட்டேன். படகு இறக்குகிற துறை ஒன்றுக்குப் போய் ஒரு பின்னேரம் முழுக்கக் காருக்குள் இருந்து பார்த்தேன். என் வயதுப் பெண்கள் படகு ஏற்றிய டிரெயிலரை ஒரு கையால் கடலுக்குள் பின்னுக்கு விட்டார்கள். எல்லாரும் ஸ்டியரிங்கை அடியில் பிடித்திருந்தார்கள், கையை எந்தப் பக்கம் கொண்டுபோகிறார்களோ டிரெயிலரும் அந்தப் பக்கம் போனது. அவ்வளவுதான் சூத்திரம். நாலு ஞாயிற்றுக்கிழமையில் எனக்கும் வந்துவிட்டது.

முதல் எட்டுச் சனிக்கிழமையும் ஆறு மணிக்கே உள்ளே போய்விட்டேன். வேலை எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் போதாது, அந்தக் கல்லில் கொத்துகிற சத்தத்துக்குச் சனம் திரும்பிப் பார்க்கும்போது உடம்பெல்லாம் சந்தோசமாக இருக்கும். சமோவாக்காரப் பொடியள் ஒரு ஆளுக்கு ஆறு ரோல்ஸ் தின்பார்கள். தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்று ஒவ்வொரு கிழமையும் வந்து, "உங்க ஊரு கொத்துதாங்க கொத்து," என்று சொல்லிவிட்டுக் காரம் போதவில்லை என்றும் சொல்லும். பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். பன்னிரண்டு சனிக்கிழமை முடிந்தால் இடம் நிரந்தரம். நான் நாட்காட்டியில் வெட்டிக்கொண்டு வந்தேன்.

ஒன்பதாவது வாரம், புதன்கிழமை, வண்டியில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது என்று கணவர் சொன்னார். அண்ணனுக்குப் போன் போட்டோம். சிவப்பு என்றால்தான் பயம், மஞ்சள் சும்மா அறிவித்தல் என்று அண்ணன் டிப்போ அனுபவத்தில் இருந்து தீர்ப்புச் சொன்னார். புத்தகத்தை எடுத்துப் பாருங்கோ என்றேன். உறையைக் கிழிக்க வேண்டுமே என்று பார்த்தாரோ என்னவோ, வெள்ளிக்கிழமை பார்ப்போம் என்றார். வெள்ளிக்கிழமை நான் இருநூற்று நாற்பது ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தேன், விளக்கைப் பற்றி நினைக்கவில்லை.

சனி காலை நெடுஞ்சாலையில் ஏறுகிற வழியில் மிதித்தேன், வண்டி கேட்கவில்லை. இன்னும் மிதித்தேன். இயந்திரம் ஓடுகிறது, சத்தம் இருக்கிறது, இழுவை இல்லை. ஐம்பது, நாற்பத்தைந்து, நாற்பது. பின்னால் வந்த பார வண்டி ஒன்று ஒலி எழுப்பியபடி என்னைச் சுற்றிக்கொண்டு போனது. அடுத்த வெளிவழியில் இறங்கி, உள் தெருக்களால், ஒவ்வொரு சின்ன ஏற்றத்திலும் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு உருட்டினேன். சந்தைக்கு முன்னால் வந்து நிற்கும்போது ஆறு நாற்பத்திரண்டு.

கதவு பூட்டியாகிவிட்டது. பொறுப்பாக நின்றவர் தொங்கா என்கிற தீவில் இருந்து வந்த பெண், மஞ்சள் அங்கி போட்ட உயரமான ஆள். எட்டு வாரமாக என் ரோல்ஸ் தின்கிறவர். நான் இறங்கி ஓடிப்போய்க் கெஞ்சினேன். நான் கெஞ்சுகிற ஆள் இல்லை, ஆனால் அன்றைக்கு அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவர் உள்ளே கையைக் காட்டினார். தள்ளுவண்டிகளில் குழந்தைகளை வைத்துத் தாய்மார் நடந்துகொண்டிருந்தார்கள். அவர் மன்னிப்புக் கேட்டார், உண்மையாகவே கேட்டார். கதவைத் திறக்கவில்லை. அவர் செய்தது சரி. அது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது, அதனால் கத்தவும் முடியவில்லை. வண்டிக்குள் ஏறி அந்தப் பிளாஸ்டிக் உறையில் உட்கார்ந்து அழுதேன்.

ரோல்ஸை முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் மறுநாள் கோயிலுக்கும் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல் வந்தது. என் இடம் அவித்த கொழுக்கட்டை மாதிரி ஒன்று விற்கிற சீனக் குடும்பத்துக்குப் போய்விட்டது. விரும்பினால் என் பெயரைப் பட்டியலில் மீண்டும் சேர்க்கலாம், எனக்கு முன்னால் ஆறு பேர்.

வண்டியைத் திருத்தக் கொண்டுபோன கராச்சின் சொந்தக்காரர் மலேசியத் தமிழர். வண்டியின் கணினியில் கம்பியைச் செருகிப் பார்த்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வண்டி வாங்கி மூணு மாசம் ஆகுது, ஓடவே இல்லையே அக்கா. தெனம் ஸ்டார்ட் பண்ணி சும்மா விட்டுட்டு ஆஃப் பண்றது யாரு?"

"நான்தான்," என்றார் என் கணவர். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"அதாண்ணே இதைக் கொன்னிருக்கு."

அவர் விளங்கப்படுத்தினார். புது டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கிற ஒரு வடி இருக்கிறது. அந்தக் கரி எரிய வேண்டுமென்றால் வண்டி நல்லாகச் சூடேறி அரை மணித்தியாலமாவது நெடுஞ்சாலையில் ஓட வேண்டும். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடவிட்டால் கரி மட்டும் சேரும். பதினொரு கிலோமீற்றர் ஓடினாலும் எரிந்து முடியாது. வடி அடைத்துவிட்டால் இயந்திரம் தன்னைக் காப்பாற்றத் தானே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். அது பழுதில்லை, அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். விற்கும்போது இதைக் கேட்டிருப்பார்களே என்றார் அவர். நான் கணவரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து நான் போட்ட சத்தத்தை எழுத முடியாது. வட தீவு முழுக்க என்று சொன்னவரையும், தலையாட்டினவரையும், மஞ்சள் விளக்குக்குத் தீர்ப்புச் சொன்னவரையும் ஒன்றும் மிச்சம் விடாமல் பேசினேன். என் சனிக்கிழமை போய்விட்டது, உங்கள் மூன்றரைத் தொன்னை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். "ஒவ்வொரு விடியவும் அதுக்குள்ளை போய் இருந்து என்னத்தைக் கண்டனீங்கள்? ஆர் உங்களைக் கேட்டது?"

அவர் சாப்பாட்டு மேசையில் இருந்தார். நான் களைத்துப்போய் நிற்பாட்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அப்பாடை கார் கொட்டிலுக்கை ஒண்டரை வருசம் நிண்டது. பெற்றோல் இல்லை எண்டு ஸ்டார்ட் பண்ணாமல் விட்டிட்டார். ஊரை விட்டு ஓடச் சொல்லி அறிவிச்ச அண்டைக்கு, ஒளிச்சு வைச்ச ரெண்டு போத்தல் பெற்றோலை ஊத்திப் பாத்தம். அசையேல்லை. அம்மாவுக்கு நடக்க ஏலாது. நான் தூக்கிக்கொண்டு நடந்தனான், பிறகுதான் அந்த உழவு மெசின் வந்தது." மேசைவிரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். "உம்மை ஒரு இடத்திலையும் அது கைவிடக்கூடாது எண்டுதான்."

உழவு மெசின் வந்த கதையை நான் நூறு தரம் கேட்டிருக்கிறேன். கார் அசையாத கதையை முப்பது வருசத்தில் அன்றைக்குத்தான் கேட்டேன். என் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். நானும் அந்த முற்றத்தில் வாயைத் திறக்கவில்லை, அது என் பிழை என்று சொன்னேன். அதைச் சொல்வது எனக்கு லேசாக இருக்கவில்லை.

அடுத்த முடிவை நான் எடுத்தேன். வடியைத் திருத்தினாலும் எங்கள் ஓட்டத்துக்கு அது மறுபடியும் அடைக்கும். அதற்காக வாரம் ஒரு தரம் வேலையில்லாமல் நெடுஞ்சாலையில் ஓட எனக்கு நேரம் இல்லை. கணவரை அதில் வேலைக்குப் போகச் சொல்லலாம், ஆனால் மவுண்ட் வெல்லிங்டன் பக்கம் காலையில் வாகனங்கள் ஊர்கிற ஊரலில் எந்தக் கரியும் எரியாது. ஒரு தாளில் எங்கள் உண்மையான ஓட்டத்தை எழுதினேன்: சந்தைக்குப் பதினொன்று, இறைச்சிக் கடைக்கு நாலு, கோயிலுக்கு மூன்று. பாரம் ஒன்றரைத் தொன், மேடு பள்ளம் பெரிதாக இல்லை. இப்படி ஓடுகிறவளுக்குப் பெற்றோல்தான். தூரத்து நகரமான ஹமில்ட்டனுக்கும் அதற்கு அங்காலும் பாரம் இழுக்கிறவருக்கு டீசல்தான். இரண்டிலும் ஒரு குற்றமும் இல்லை.

வண்டி மாற்ற நான் தனியாகப் போனேன். கொஞ்சம் பழைய, பெற்றோலில் ஓடுகிற, இரண்டரைத் தொன் இழுக்கிற ஒன்றை, என் பெட்டியைக் கொண்டுபோய்ப் பூட்டி, அவர்களுடைய முற்றத்திலேயே பின்னுக்கு எடுத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். செய்தி அண்ணனுக்குப் போனது. உடனே போன் வந்தது.

"பெற்றோலோ? பெட்டி இழுக்கவோ? ஆக்கள் சிரிக்கப் போகினம்."

"சிரிக்கிறவைக்கு ரோல்ஸ் இல்லை எண்டு சொல்லுங்கோ அண்ணை," என்றேன். அவர் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார்.

பெற்றோல் வண்டி குடிக்கிறதைப் பார்த்தால் சில நாள் நெஞ்சு எரியும். அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதில் பிளாஸ்டிக் உறை இல்லை, வேலைக்குப் போக, கடைக்குப் போக என்று ஒவ்வொரு நாளும் நான் அதை ஓட்டினேன். சனிக்கிழமைகள் காலியாகக் கிடந்தன. பெட்டி வீட்டுப் பக்கத்தில் நின்றது. ஒரு பிறந்தநாள், கோயிலில் ஒரு பிள்ளையின் முதல் நன்மைக் கொண்டாட்டம் என்று இடைக்கிடை யாராவது கூப்பிடுவார்கள், சந்தையில் இருந்து ஒரு செய்தியும் இல்லை. பட்டியலில் ஆறு பேர் நாலானது, நாலு மூன்றாகி அப்படியே நின்றது. முதியோர் இல்லத்தில், சனிக்கிழமை வேலையைத் திருப்பி எடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். இரண்டு தரம் பதில் சொல்லாமல் தட்டிக் கழித்தேன். மூன்றாம் தரம் கேட்டால் ஓம் என்று சொல்வது என்று நினைத்திருந்தேன்.

ஜூலை மாதம், கொட்டுகிற மழையில், ஒரு சனிக்கிழமை ஐந்து மணிக்குப் போன் அடித்தது. தொங்காப் பெண். மழை என்று மூன்று பேர் வரவில்லை, பட்டியலில் எனக்கு முன்னால் இருக்கிறவர்களைக் கூப்பிட்டால் எடுக்கிறார்கள் இல்லை. ஆறரைக்குள் வர முடியுமா? இன்றைக்கு வந்தால் இடம் உங்களுக்கு, இனிமேல் சோதனைக் காலமும் இல்லை.

என்னிடம் சுற்றிய ரோல்ஸ் ஒன்றுகூட இல்லை. குளிர்ப்பெட்டியில் இரண்டு கிலோ ஆட்டிறைச்சிக் கறி, நேற்றைய ரொட்டி, முட்டை, மரக்கறிக்குக் கோவாவும் லீக்ஸும். கொத்துக்குப் போதும். கணவர் எழுந்து வந்தார், அன்றைக்கு அவருக்கு லீவு. பெட்டியை வண்டியில் பூட்டும்போது மழைக்குள் நின்று ரோச் லைற் பிடித்தார், விளக்கு வயரைச் செருகினார், சங்கிலியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். நானும் வரட்டோ என்று கேட்டார். முன் இருக்கை முழுக்கச் சாமான், பின்னாலும் இடம் இல்லை. நீங்கள் காரில் பிறகு வாங்கோ என்றேன்.

நெடுஞ்சாலையில் ஏறுகிற வழியில் மிதித்தேன். வண்டி போனது. தண்ணீர் கண்ணாடியில் அடித்தது, துடைப்பான் முழு வேகத்தில் ஓடியும் முன்னால் ஒன்றும் ஒழுங்காகத் தெரியவில்லை. எண்பதுக்கு மேலே போகவில்லை, போகத் தேவையும் இருக்கவில்லை. ஆறு இருபதுக்குக் கதவு. தொங்காப் பெண் குடைக்குள் நின்று கையை அசைத்து ஒரு மூலையைக் காட்டினார். ஒடுக்கமான இடம், ஒரு பக்கம் வேலி, மற்றப் பக்கம் மரக்கறிக்காரரின் கூடாரம். ஸ்டியரிங்கை அடியில் பிடித்து ஒரே எடுப்பில் பெட்டியை உள்ளே விட்டேன். ஒருத்தரும் கத்தவில்லை.

இறங்காமல் முதலில் வீட்டுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார், கையிலேயே வைத்திருந்திருப்பார் போல.

"உள்ளுக்கு வந்திட்டன்," என்றேன்.

போன் அறுந்துவிட்டது என்று நினைத்து, கேக்குதோ என்று கேட்டேன். அப்போதுதான் அவர் அழுகிறது கேட்டது.